பெண்கள் கால்பந்து: விளையாட்டா, வாழ்க்கைத் தொழிலா?

காவிரி இரண்டு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும் இடத்தில் அமைந்த தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். அரங்கநாதர் கோயிலுக்கும் திப்பு சுல்தானின் கோட்டைக்கும் பெயர் பெற்ற ஊர். மைசூருக்கு மிக அருகில் இருந்தபோதிலும், நிர்வாக முறையில் இது மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கால்பந்தில் ஆர்வம் கொண்டு ஆடத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மைசூர் மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி என்று பள்ளி விளையாட்டின் படிகள் அவளுக்கு முன் வரிசையாக உள்ளன. அவற்றை ஏறி முடிக்கும்போது அவளுக்கு வயது பதினேழு அல்லது பதினெட்டு ஆகியிருக்கும். அப்போது அவளுடைய தந்தை கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே: “இதில் பிழைப்பு உண்டா?”

இக்கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் இது நியாயமான கேள்வி. ஓர் ஆணுக்குக் கால்பந்து வாழ்க்கைத் தொழிலாக அமைய முடியும் என்பதை நம் நாட்டு மக்கள் கொல்கத்தாவிலும் கோவாவிலும் கேரளத்திலும் பல தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு அது எவ்வாறு அமைகிறது என்பதோ பலருக்கும் தெரியாது. அதை ஒரு வீராங்கனையின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு விளக்க முயல்வோம்.

மணிப்பூரிலிருந்து கிளாஸ்கோ வரை

பாலா தேவி 1990ஆம் ஆண்டு மணிப்பூரில் பிறந்தவர். சிறு வயதில் ஆண் பிள்ளைகளுடன் சேர்ந்து ஆடிப் பழகியவர். பதினைந்து வயதளவிலேயே இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார். பின்னர் அணியின் தலைவியாகவும் பணியாற்றினார். 2019ஆம் ஆண்டு மே மாதம் லூதியானாவில் நடைபெற்ற இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் மணிப்பூர் காவல்துறை அணிக்காக ஏழு ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி மதுரையைச் சேர்ந்த சேது அணியிடம் தோற்றது என்பது வேறு செய்தி.

இத்தகைய ஆட்டத்திறன் கொண்டவருக்குத் தொழில்முறை ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ரேஞ்சர்ஸ் கழகத்திலிருந்து! 2019இல் அக்கழகத்துக்கும் பெங்களூரு எஃப்.சி. கழகத்துக்கும் கூட்டுறவு ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. அதன் பயனாகப் பாலா தேவிக்குத் தேர்வு ஆட்டத்தில் பங்கேற்கும் வாய்ப்புக் கிட்டியது. 2020 ஜனவரியில் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். 10ஆம் எண் சட்டை அவருக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பாவில் முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று நாடெங்கும் பாராட்டப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. ஓர் ஐரோப்பிய வீராங்கனை பதினெட்டு வயதில் எதிர்பார்க்கும் ஒப்பந்தம் நம்மவருக்கு முப்பதில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கால்பந்தில் ஒருவர் முழு வலிமையுடன் ஆடக்கூடிய ஆண்டுகள் பத்து அல்லது பன்னிரண்டுதான். அவற்றுள் பெரும் பகுதி ஒப்பந்தம் வருமுன்பே கழிந்துவிட்டது.

அங்குச் சென்ற சில வாரங்களிலேயே கோவிட் பெருந்தொற்றால் போட்டிகள் நின்றுபோயின. 2020 டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தம் முதல் கோலை அடித்தார். அந்த ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 9-0 என்ற கணக்கில் வென்றது. அடுத்த ஆண்டில் முழங்கால் காயம் அவரை நெடுங்காலம் களத்திலிருந்து விலக்கிவைத்தது. பலருடைய ஆட்ட வாழ்வு இத்தகைய இடத்தில் முடிந்துபோவதுண்டு. அவரோ மீண்டும் இந்திய அணியில் இடம்பெற்றார். 2024 அக்டோபரில் காட்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த கோல் அவருடைய ஐம்பதாவது பன்னாட்டுக் கோலாக அமைந்தது. இந்த எண்ணிக்கையை எட்டிய முதல் இந்தியப் பெண் அவரே.

மேற்கண்ட வரலாற்றில் செய்தித்தாள்கள் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. 2010 முதல் பாலா தேவி மணிப்பூர் காவல்துறையில் பணியாற்றி வந்தார். கிளாஸ்கோ ஒப்பந்தம் வருவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அவரைக் கால்பந்தில் நிலைநிறுத்தியது எந்தக் கழகத்தின் ஊதியமும் அன்று. அந்த அரசுப் பணியே. இந்தியாவில் ஒரு பெண்ணின் கால்பந்து வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

சீருடை தந்த பாதுகாப்பு

தமிழ்நாட்டிலும் இதே நிலையைக் காணலாம். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் நடுக்கள ஆட்டக்காரர். 2019இல் நாட்டின் பட்டத்தை வென்ற சேது அணியில் ஆடியவர். 2023-24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற விருதை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடமிருந்து பெற்றவர். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் பொது முடக்கம் நடைமுறையில் இருந்தபோது, ஆடுகளங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில், அவர் சென்னைச் சாலைகளில் காவல் பணியில் இருந்தார். பாலா தேவிக்கு முந்தைய தலைமுறையின் ஒப்பற்ற வீராங்கனையும் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான பெம்பெம் தேவியும் மணிப்பூர் காவல்துறையில் பணியாற்றியவரே. இரயில்வே துறையும் நெடுங்காலமாக வீராங்கனைகளுக்குப் பணி அளித்து வந்துள்ளது. 2015-16இல் தேசியப் பட்டத்தையே இரயில்வே அணி வென்றது.

இது தற்செயலாக ஏற்பட்ட ஏற்பாடன்று. மத்திய அரசின் மூன்றாம் பிரிவுப் பணிகளில் நேரடி நியமனங்களுள் 5 விழுக்காடு வரை சிறந்த விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்ப விதிகள் இடமளிக்கின்றன. தமிழ்நாட்டில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மாநில அணியில் இடம் பிடிக்க முயல்வதற்கு, பதக்கத்தைக் காட்டிலும் அந்தப் பதக்கம் திறந்துவிடும் பணி வாய்ப்பே பல வேளைகளில் காரணமாகிறது. இதைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்த பின்னும் முப்பது ஆண்டுகள் ஊதியம் தரும் பணி அது. மகப்பேறு விடுப்பும் மருத்துவ வசதியும் அதனுடன் வருகின்றன.

கழகங்களின் ஒப்பந்தத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளைத் தொழில்முறை ஒப்பந்தத்தில் அமர்த்த வேண்டும், அவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ரூ. 3,20,000 வழங்க வேண்டும் என்று 2023இல் சம்மேளனம் முடிவெடுத்தது. மாதக் கணக்கில் இது ஏறத்தாழ ரூ. 26,600 ஆகிறது. தமிழ்நாட்டில் காவல் உதவி ஆய்வாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டும் ரூ. 36,900, படிகள் தனி. முன்னணி வீராங்கனைகள் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாகவே பெறுவர் என்பது உண்மை. எனினும் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டியது. கழகமே பெண்கள் அணியைக் கலைத்துவிட்டால் ஒப்பந்தமும் இல்லை. இந்நிலையில் தந்தை எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

விடுப்புக் கணக்கு

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. இது அதிகாரிகள் கவனிக்க வேண்டிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

இந்தியப் பெண்கள் லீக் 2017இல் கட்டக்கில் தொடங்கியபோது அது பெயரளவில்தான் லீக். எல்லா அணிகளும் ஓர் ஊரில் கூடி, சில வாரங்களுக்குள் ஆடி முடித்து, கலைந்து சென்றன. பாலா தேவி 26 கோல்கள் அடித்த 2019ஆம் ஆண்டுப் போட்டியும் அவ்வாறே மே மாதத்துக்குள் முடிந்தது. 2020இல் பெங்களூரில் நடந்த போட்டியும் இதே முறையில்தான். அதில் கேரளத்தின் கோகுலம் அணி பட்டம் வென்றது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆடுவதால் உடல் தேற நேரமில்லை. ஆண்டின் எஞ்சிய பதினொரு மாதங்களில் போட்டிகளே அரிது. ஆட்டத்தின் தரம் உயர இம்முறை உதவாது என்பதைப் பயிற்சியாளர்கள் தொடர்ந்து சொல்லி வந்தனர்.

2023-24 பருவத்தில் இது மாறியது. ஒவ்வோர் அணியும் தன் ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையும் ஆடும் முறை கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு ஏழு அணிகள் ஆடின, ஒடிசா எஃப்.சி. பட்டம் வென்றது. 2024-25இல் எட்டு அணிகள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 14 ஆட்டங்கள் ஆடியது. கிழக்கு வங்காளக் கழகம் பட்டம் பெற்றது. ஒப்புநோக்க, இங்கிலாந்தின் பெண்கள் லீக்கில் அதே பருவத்தில் 12 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். நாம் இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்றாலும் திசை சரியானதே.

ஆனால் இந்த நல்ல மாற்றமே அரசுப் பணியிலுள்ள வீராங்கனைக்குப் புதிய இக்கட்டைத் தந்தது. மத்திய அரசு ஊழியர் ஒருவர் தேசிய, பன்னாட்டுச் சிறப்புடைய போட்டிகளில் கலந்துகொள்ள ஓர் ஆண்டில் 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்புப் பெறலாம். மாநிலங்களின் விதிகளும் இதே நோக்கத்தில் அமைந்தவை. ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்த பழைய போட்டிக்கு 30 நாள் போதும். நான்கு மாதம் நீளும் லீக்குக்கு எவ்வாறு போதும்? அதற்கு முன் பயிற்சி முகாம் உண்டு; இடையே இந்திய அணியின் ஆட்டங்களும் உண்டு. மேலும், தனியார் கழகத்துக்காக ஊதியம் பெற்று ஆடுவதை அரசுப் பணி விதிகள் எவ்வாறு கருத வேண்டும் என்ற கேள்வியும் எழுகிறது. நல்லெண்ணம் கொண்ட மேலதிகாரி இருந்தால் வழி பிறக்கும். அவர் மாறுதலாகிச் சென்றால் அடைபடும். ஒருவருடைய வாழ்க்கைத் தொழில் இவ்வாறு மேலதிகாரியின் மனநிலையைச் சார்ந்து நிற்பது முறையன்று என்பதே நம் கருத்து. விளையாட்டுப் பிரிவில் நியமிக்கப்பட்டவரை லீக் பருவத்துக்கு மட்டும் கழகத்துக்கு அயற்பணியில் அனுப்பி, அந்த மாதங்களின் ஊதியத்தைக் கழகத்திடமிருந்து பெறும் முறை ஆராயத்தக்கது. நீண்டகாலப் பணிப் பாதுகாப்பையும் முழுநேரப் பயிற்சியையும் ஒருங்கே தர இதைவிட எளிய வழி நமக்குத் தோன்றவில்லை.

இழந்த ஆண்டுகள்

இவ்வளவு தாமதம் ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். இந்தியப் பெண்கள் கால்பந்தின் தொடக்கம் பிற்பட்டதன்று. இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆட்டம் ஒன்றைக் காண 53,000 பேர் கூடினர். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது எனத் தடை விதித்தது. அத்தடை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அது நீங்கிச் சில ஆண்டுகளுக்குள், 1975இல், இந்தியாவில் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் தனியாகத் தோன்றி, முதல் தேசியப் போட்டியை லக்னோவில் நடத்தியது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அவ்வாண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அக்காலத்தில் இந்தியாவுக்கு ஆடியவர்களுள் பெங்களூரைச் சேர்ந்த சித்ரா கங்காதரனும் ஒருவர். ஆக, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறுமிக்கு அவள் மாநிலத்திலேயே முன்னோடி உண்டு.

அதன் பின் வேகம் குன்றியது. 1990களின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்து அகில இந்தியச் சம்மேளனத்தின் பொறுப்பில் வந்தது. ஆயினும் பன்னாட்டு ஆட்டங்கள் அரிதாகவே இருந்தன. பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாத காரணத்தால் 2009இல் இந்திய அணியின் பெயர் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்போது பாலா தேவிக்கு வயது பத்தொன்பது. ஓர் ஆட்டக்காரரின் வளர்ச்சி விரைவாக நிகழும் ஆண்டுகள் அவை. அவற்றைத் திருப்பித் தர எவராலும் இயலாது.

நிர்வாகத்தின் பிழைக்கு வீராங்கனைகள் விலை கொடுத்த நிகழ்ச்சி 2022இலும் நடந்தது. சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருந்ததாகக் கூறி, ஃபிஃபா எனப்படும் உலகக் கால்பந்துச் சம்மேளனம் ஆகஸ்ட் மாத நடுவில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. கோகுலம் அணியின் பெண்கள் ஆசியக் கழகப் போட்டிக்காக அப்போதே உஸ்பெகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்திருந்தனர். அவர்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினர். மாத இறுதிக்குள் தடை நீங்கிவிட்டது. போட்டியோ அவர்களை விட்டுப் போய்விட்டது.

இந்நிலையிலும் 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் இந்திய அணி தாய்லாந்தை 2-1 என்ற கணக்கில் வென்று, 2026ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தாய்லாந்து இருமுறை உலகக் கோப்பையில் ஆடிய அணி. இந்தியாவின் இரு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குச் சென்றது இதுவே முதல் முறை. நாடு தழுவிய லீக் ஒன்று, எவ்வளவு குறுகியதாயினும், தொடர்ந்து நடந்ததன் பயன் இதில் உண்டு என்றே நாம் எண்ணுகிறோம்.

உடலும் ஒப்பந்தமும்

தொழில்முறை வாழ்வின் இரு இடர்களை மட்டும் இங்குக் குறிப்பிடலாம். ஒன்று முழங்கால். முழங்காலினுள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுபடும் வாய்ப்பு, ஆடவரைக் காட்டிலும் பெண்களுக்கு இரு மடங்குக்கு மேல் என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் அமைப்பு, தசை வலிமை, பயிற்சி முறை, ஆடவர் பாதத்துக்கென வடிவமைத்த காலணி எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அறுவைக்குப் பின் களம் திரும்ப ஒன்பது மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும். ஓராண்டு ஒப்பந்தத்தில் உள்ளவருக்கு இது ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சமம். தரையில் இறங்கும் முறையையும் திரும்பும் முறையையும் சிறு வயதிலேயே பயிற்றுவித்தால் இக்காயம் கணிசமாகக் குறைகிறது. நாள்தோறும் கால் மணி நேரம் போதும்; பெரிய கருவிகள் தேவையில்லை. நம் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியைக் கற்பிப்பது செலவு குறைந்த, பயன் மிகுந்த பணியாகும்.

மற்றொன்று மகப்பேறு. ஃபிஃபா 2021 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஒப்பந்தத்திலுள்ள வீராங்கனைக்குக் குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அக்காலத்தில் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழங்கப்பட வேண்டும். ஐஸ்லாந்து நாட்டு வீராங்கனை சாரா பியோர்க் குன்னார்ஸ்டோத்திர் இவ்விதியின் துணைகொண்டு தம் பிரெஞ்சுக் கழகமான லியோனிடமிருந்து நிலுவை ஊதியத்தைப் பெற்றார். விதி இருப்பது மட்டும் போதாது, எழுதப்பட்ட ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும் என்பதை அவ்வழக்கு காட்டியது. வாய்மொழி உறுதியின் பேரில் ஆடச் செல்லும் இளம்பெண்கள் இதை மனத்தில் கொள்வது நலம்.

ஆட்டத்துக்குப் பின்னும் வழிகள் உள்ளன. பயிற்சியாளருக்கான சான்றிதழ்கள் கீழ்நிலையிலிருந்து படிப்படியாக உயர்பவை. ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடக்கநிலைச் சான்றிதழைப் பெற்றுவிடலாம். நடுவர் பணி மற்றொரு வழி. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவராகத் தகுதி பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து அத்தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். பிழைப்பு உண்டு, ஆனால் அது கழகம் ஒன்றினால் மட்டும் வருவதன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். மாநிலப் பெண்கள் லீக் ஆட்டங்கள் அங்கு நடக்கின்றன. அகில இந்திய லீக்கில் 2023இல் இறுதி ஆட்டம் வரை சென்ற கிக்ஸ்டார்ட் கழகமும் அங்குதான் உள்ளது. மகளைப் பள்ளிப் படிப்பை நிறுத்தாமல் ஆடவிடலாம். மாநில அணியில் ஆடியதற்கான சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். பணி விண்ணப்பத்தின்போது அவை எந்த நிலைப் போட்டிக்குரியவை, உரிய படிவத்தில் உள்ளனவா என்பதே முதலில் பார்க்கப்படும். கழகம் அழைத்தால் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற வேண்டும். காயமடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்த பின்பே கையெழுத்திட வேண்டும்.